தாலிக்கயிறு வெளுத்த கதை: கல்யாண போட்டோ சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பவர்களின் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

ஆடி மாதம் உங்களுக்கும் வேலை கிடையாது, எனக்கும் கிடையாது. அந்த ஓய்வில் கூட்டம் போட்டு, ஆவணி முகூர்த்தத்திலிருந்து நடப்புக்கு வரும் என்று ஒரு கட்டணப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறீர்கள். எனக்கும் வந்து சேர்ந்தது. நான் சங்கத்தில் உறுப்பினன் இல்லை. டவுன் ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு ஆல்பம் டிசைன் பண்ணுகிறவன். 17 வருஷமாக இதுதான் பிழைப்பு. உங்களில் பலருடைய ஹார்ட் டிஸ்க் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது.

பட்டியலில் கீழ்ப்படியில் ‘டிரெடிஷனல்’ இருக்கிறது. அதைப்போல இரண்டு மடங்கு ‘கேண்டிட்’. மூன்றரை மடங்கு ‘ஃபைன் ஆர்ட்’. வீடியோவுக்கு ‘நார்மல்’, ‘சினிமேட்டிக்’ என்று தனியாக இரண்டு படி. எந்தப் பெயருக்கு நேராகவும், அந்தக் காசுக்கு மண்டபத்துக்கு வந்து என்ன செய்வீர்கள் என்று அரை வரி கூட இல்லை. அடியில் மட்டும் ஒரு குறிப்பு போட்டிருக்கிறீர்கள்: ஸ்டைலைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பு, படம் கைக்குப் போனபிறகு நிறம் பற்றியோ எடுத்த விதம் பற்றியோ வரும் புகாரைச் சங்கம் ஏற்காது.

அந்தக் குறிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். விலையைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஒரே தொழில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து விலையை முடிவு செய்வது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு முன்னால் நிற்குமா என்பதை உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கவேண்டியது வேறு. தேர்ந்தெடுத்தவன் பொறுப்பு என்கிறீர்களே, எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

வைகாசியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். திருமங்கலம் பக்கத்தில் மண்டபம். தாய்மாமன் சீர் போக, போட்டோச் செலவும் என்னுடையது என்று நானே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், “கேண்டிட் போட்ருவோம் மாமா, வரிசையா நிக்க வச்சு எடுக்குற அந்தப் பழைய மாதிரி வேணாம்” என்றார்கள். ஒரு ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டினார்கள். ‘ஃபைன் ஆர்ட் கேண்டிட்’ என்று எழுதியிருந்தது. ஸ்டுடியோ பேர் இங்கே வேண்டாம். பக்கத்தில் இருந்த இருபது முப்பது படங்களும் அழகாகத்தான் இருந்தன. ஊரில் இருக்கிற ஸ்டுடியோ படமெல்லாம் திறந்து பார்க்கிற நானே அந்தப் பெயரில் மயங்கி அட்வான்ஸ் போட்டேன். இதில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து லிங்க் வந்தது. அக்கா வீட்டு டிவியில் போட்டு எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். மச்சானுடைய அம்மா, எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பத்தா, பாயை விட்டு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். தாலி கட்டும் படம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, கயிறு ஏன் வெள்ளையா இருக்கு? மஞ்சள்ல நனைக்கலையா?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த படம் அட்சதை. பெண் தலையிலும் மாப்பிள்ளை தோளிலும் அரிசி விழுந்துகொண்டிருக்கிறது, உலையில் போடக் களைந்த அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று.

“இதென்ன வாய்க்கரிசியா?”

கேட்டுவிட்டு அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா ரிமோட்டைத் தேடி டிவியை நிறுத்தினாள்.

முந்தின ராத்திரி அந்த அரிசியில் மஞ்சள் பிசறியது என் மனைவி. அவள் நகக்கண்ணில் அந்த மஞ்சள் மூன்று நாள் இருந்தது. கயிற்றை மஞ்சளில் நனைத்துத் தட்டில் வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் வெளுக்க வைத்தது கேமரா கூட இல்லை. அதற்குப் பிறகு நடந்த வேலை.

ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணே, அது எங்க ஸ்டைல்ணே. லைட் அண்ட் ஏரி டோன். பேக்கேஜ்லயே ஃபைன் ஆர்ட்னு போட்டிருக்கோமே.” சரி தம்பி, ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலப் படத்தை, கொடுங்கள், நானே நிறம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “ரா தர்றது எங்க பாலிசி இல்லண்ணே.”

தொழில் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், நிறத்தைத் திருத்தும் இடத்தில், இழுத்துக் கூட்டவும் குறைக்கவும் எட்டு நிறங்களுக்குத் தனித்தனிக் கோடுகள் உண்டு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று போகும். மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுக் கோட்டில் உட்காரும். அதனால் மஞ்சள் கோட்டை அப்படியே கீழே இழுத்துவிட்டாலும் முகம் பெரிதாக மாறாது. மாறுவது மஞ்சள் மட்டும்தான். தாலிக்கயிறு சந்தன நிறமாகி, இன்னும் கொஞ்சம் இழுத்தால் தந்த நிறமாகும். அட்சதை பச்சரிசியாகும். பச்சைக் கோட்டையும் சேர்த்து இறக்கினால் வாசலில் கட்டிய வாழைமரம் சருகாகும், மாவிலைத் தோரணம் போன வாரம் கட்டியது மாதிரி இருக்கும். இதை ஒவ்வொரு படத்துக்கும் யாரும் யோசித்துச் செய்வதில்லை. பிரிசெட் என்று, நிறமாற்றத்தை முன்கூட்டியே அமைத்து விற்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, ஒரே சொடுக்கில் அறுநூறு படத்துக்கும் பூசுகிறார்கள்.

அந்தப் பிரிசெட் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்காவில் ‘ஃபைன் ஆர்ட்’ கல்யாணப் படக்காரர்கள் பலர் ஃபியூஜி 400எச் என்ற ஃபிலிமில், அளவுக்கு மேல் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூட்டி எடுத்தார்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெள்ளை கவுன், ஜன்னல் வெளிச்சம், புல்வெளி, வெளிர் நிறப் பூக்கள். அதற்கு அந்த ஃபிலிம் அழகாக ஒத்துப்போனது. 2021 ஜனவரியில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபியூஜி அறிவித்தது. இப்போது விற்கும் பிரிசெட்டுகள் பல அந்த ஃபிலிமின் சாயலை டிஜிட்டலில் போலச் செய்பவை. அங்கே மஞ்சள் என்பது வேண்டாத நிறம். பல்பின் மஞ்சள் வெள்ளை கவுனில் ஏறினால் அழுக்கு மாதிரி தெரியும், ஆகவே முதலில் மஞ்சளைத் துடைப்பார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு அது நியாயம். நம்முடைய கல்யாணத்தில் பத்திரிகையின் நான்கு மூலையில் தொடங்கி, பெண்ணின் முகம், கயிறு, அரிசி, நலுங்கு வரைக்கும் எல்லாம் மஞ்சள். அதே துடைப்பத்தை இங்கே போட்டால் எது போகும்?

கறுப்பு வெள்ளையும் இந்த ‘ஃபைன் ஆர்ட்’ கணக்கில் வருகிறது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த பெண்ணைக் கறுப்பு வெள்ளையாக்கினால் நெற்றியில் கறுப்புப் பொட்டு. எத்தனையோ ஆல்பத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்டால் ‘ஆர்ட்’ என்று சொல்லிவிட்டு நானும் தப்பித்திருக்கிறேன்.

இப்போது ‘கேண்டிட்’ பற்றி. அக்கா மகளின் 640 படங்களில் தாலி கட்டும் நேரத்துப் படங்கள் மட்டும் 64. அவற்றில் பெண்ணின் கண் இமை, கம்மல், மூக்குத்தி, கழுத்து வியர்வை எல்லாம் இருக்கிறது. மூன்றாம் முடிச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டால், மீதியை நாத்தனார் முடிப்பார். அதற்காகவே மேலூரிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண் அது. அவள் கை படத்தில் எங்கேயும் இல்லை. “எங்களை மட்டும் விட்டுட்டாங்களா?” என்று அவள் கேட்ட தொனியில் ஒரு கேள்வி மட்டுமா இருந்தது? புதுச் சம்பந்தம். அக்காதான் போன் போட்டுச் சமாதானம் சொன்னாள்.

நானும் படத்தில் இருக்கிறேன், பெண்ணுக்குப் பின்னால். கத்தரிப்பூ நிறச் சட்டை. 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.4-இல் முழுசாகத் திறந்து வைத்து எடுத்ததால், பெண்ணின் இடது கண் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் வெண்ணெய். தாய்மாமன் என்பவன் ஒரு கத்தரிக்காய் உருண்டை. பக்கத்தில் அக்கா ஒரு பச்சை உருண்டை. யார் யார் நின்றார்கள் என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட ஒரு படம் கிடையாது. அந்தப் பொழுதுக்கு இரண்டு மூன்று ஸ்டாப் மூடி எடுத்திருந்தால் போதும், பின்னால் நிற்கிறவர்களுக்கும் முகம் இருந்திருக்கும்.

கேண்டிட் என்ற சொல் கேமரா உலகத்துக்கு எப்படி வந்தது என்று உங்கள் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருகிறீர்களா, தெரியவில்லை. எரிக் சாலமன் என்று ஒரு ஜெர்மானியர். சட்டம் படித்தவர். 1920-களின் கடைசியில், எர்மனாக்ஸ் என்ற சின்னக் கேமராவை மறைத்துவைத்து நீதிமன்றத்துக்குள்ளும் அரசாங்க மாநாடுகளுக்குள்ளும் போய், ஃபிளாஷ் இல்லாமல், தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரியாத ஆட்களை எடுத்தார். அவர் படங்களைப் பார்த்து லண்டன் பத்திரிகைக்காரர்கள் ‘கேண்டிட் கேமரா’ என்று பேர் வைத்தார்கள். கல்யாணத்துக்கு இந்த வழியைக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் டெனிஸ் ரெஜியின் பேரைச் சொல்வார்கள். 1996-இல் கென்னடி மகனின் கல்யாணத்தில், தேவாலயத்தை விட்டு இறங்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் கையை எடுத்து முத்தமிடும் படம் அவர் எடுத்தது. இந்த வழிக்கு அடிப்படை ஒன்றுதான்: நடப்பதில் தலையிடாதே, யாரையும் எதையும் செய்யச் சொல்லாதே.

நம் ஊர் கேண்டிட்டில் நடப்பது வேறு. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் நொடி வரைக்கும் பதிவாகியிருக்கும், அது எனக்குத் தெரியும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறீர்கள். ஒரு கல்யாணத்தில் பெண் ‘தன்னை மறந்து’ சிரிக்கும் சிரிப்புக்கு 14 தடவை எடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இருபது இருபத்தைந்து நொடி. இன்னொன்றில் தாயார் கண் துடைக்கிறார். அதே முந்தானை, அதே கோணம், ஆறு தடவை. வீடியோவில் சத்தத்தை அணைக்க மறந்திருந்தார்கள், அதனால் கேட்டது: “அம்மா, இன்னொருவாட்டி துடைங்கம்மா, கேமராவைப் பாக்காதீங்க.” இது நடிக்க வைத்து எடுத்த படம். நடிக்க வைத்து எடுப்பது தப்பே இல்லை, நம் ஊரில் கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் அதற்கு ‘கேண்டிட்’ என்று பேர் வைத்து இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு, நேராக நிற்க வைத்து எடுக்கிறவரை ‘டிரெடிஷனல்’ என்று கீழ்ப்படியில் உட்கார வைக்கிறீர்களே, அது தப்பு.

அந்தக் கீழ்ப்படி ஆள் என்ன செய்கிறார் என்று ஒரு முகூர்த்தம் முழுக்க நின்று பாருங்கள். ஐயர் கை எப்போது தட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கெட்டிமேளத்துக்கு விரல் உயர்வதற்கு முன்னால் இடம் பிடித்திருப்பார், ஏனென்றால் மூன்று முடிச்சும் முடிய அரை நிமிடம் கூட ஆகாது. நாத்தனார் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார். மேடையில் கூட்டம் ஏறும்போது பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளையின் தாய்மாமன், பெரியப்பா வீடு, சித்தி வீடு என்று வரிசை தப்பாமல் கூப்பிடுவார். கோபித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கும் பங்காளியை ஆள் அனுப்பி மேடைக்கு ஏற்றி, படம் எடுத்தே சமாதானம் பண்ணிவிட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருஷமாக எடுக்கிறவர். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான் என்பதால், எண்ணி எண்ணி அமுக்கிப் பழகிய விரல். அவருடைய படங்களில் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் முகம் இருக்கும், கயிறு மஞ்சளாக இருக்கும். உங்கள் புதுப் பட்டியல்படி அவர் கேண்டிட் தம்பியில் பாதி.

போன மாசியில் அவரும் ஒரு கேண்டிட் குழுவும் ஒரே கல்யாணத்தில் எடுத்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் கேண்டிட் தம்பி மணவறைக்கு முன்னால் மண்டியிட்டு மறைத்துவிட்டார். பெரியவரின் ஐந்து படத்திலும் அந்தத் தம்பியின் முதுகு. முதுகில் ஸ்டுடியோ பேர் வேறு அச்சடித்திருந்தது. அதை கம்ப்யூட்டரில் குளோன் போட்டு, அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே ஒட்டி, அழித்து, அந்த இடத்தில் குத்துவிளக்கின் அடிப்பாகத்தை வரைந்து கொடுத்தது நான். ஒரு ராத்திரி போனது.

மீனாட்சியம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கும் கல்யாணச் சிற்பத்தை நினைத்துப் பாருங்கள். பெருமாள் தாரை வார்க்க, சொக்கர் கையில் மீனாட்சி கை. மூன்று பேரும் யாரோ நிற்கச் சொல்லி நிற்கிற மாதிரிதான் நிற்கிறார்கள். உங்கள் கணக்குப்படி சுத்த ‘டிரெடிஷனல்’. ஆனால் மீனாட்சியின் முகத்தில் இருக்கும் அந்த நாணத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்? 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கூட விடுவதில்லை, போய்க் கண்ணால்தான் பார்க்கவேண்டும். போட்டோக்காரர்கள் அப்படி ஒருதடவை பார்ப்பதும் நல்லதுதான்.

சினிமேட்டிக் பற்றி எனக்கு அதிகம் பேச அருகதை இல்லை, நான் வீடியோ மிக்ஸிங் பண்ணுகிறவன் இல்லை. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, போட்டோ கேமராவிலேயே பின்னணியை மங்கவைத்து வீடியோ எடுக்கலாம் என்று ஆனதிலிருந்து இந்தப் பேச்சு கிளம்பியது என்பது வரை தெரியும். சினிமாவுக்கான வெளிச்சம், ஒலி, கதைக் கோர்வை எதுவும் இல்லாமல், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் சினிமேட்டிக் என்று கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் அந்தக் கீழ்ப் பட்டைக்குள் மெட்டி போடும் கை போய்விட்டது. அவர்களும் ‘ஸ்டைல்’ என்றுதான் பதில் வாங்கினார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தில் ‘கேண்டிட் மொமெண்ட்ஸ்’ என்று வளைந்த எழுத்தில் தலைப்புப் போட்டு எத்தனை ஷீட் செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. போட்டோக்காரர் எழுதிக் கொடுப்பார், நான் அடிப்பேன். என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம் வீட்டுக் கயிறு வெளுத்தபிறகுதான் கேட்கத் தோன்றியது என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். புகாரை ஏற்கமாட்டோம் என்று நீங்கள் எழுதிவைத்தாலும் சட்டம் ஏற்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதையும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2(28) பிரிவில் சொல்கிறது. ‘கேண்டிட்’ என்று விளம்பரம் செய்துவிட்டு ஆறு தடவை கண் துடைக்க வைத்தால் அது என்ன விவரிப்பு? மஞ்சளை எடுத்துவிடுவோம் என்பதைச் சொல்லாமல் ‘ஃபைன் ஆர்ட்’ என்றால் அது என்ன மறைப்பு? ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கூடக் கிடையாது. அதோடு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பாருங்கள்: காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் போடாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்னால் அனுமதி கேட்கவேண்டியவர் யார் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. நான் ஆணையத்துக்குப் போகப்போகிறேன் என்று மிரட்டவில்லை. உங்கள் படங்களை வைத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. ஆனால் எல்லாரும் என்னைப் போல யோசிக்கமாட்டார்கள்.

கேட்பது இதுதான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள், அடிக்குறிப்போடு சேர்த்து. அதற்குப் பதிலாக, புக்கிங் அன்று வீட்டுக்காரர் கையில் கொடுக்க, ஒரே பக்கத்தில், தமிழில் ஒரு தாள் தயார் செய்யுங்கள். எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, மேடையில் குடும்பத்தாரை நிற்க வைத்து எடுப்பீர்களா மாட்டீர்களா, ஆட்களை ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்லி எடுப்பீர்களா சொல்லாமல் எடுப்பீர்களா, நிறத்தை மாற்றுவீர்களா, மாற்றினால் எந்த நிறம் போகும், எத்தனை நாளில் படம் வரும். இவ்வளவு எழுதியபிறகு மேலே ‘கேண்டிட்’ என்றோ ‘ராஜ அலங்காரம்’ என்றோ என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே, விட்டுப்போகக் கூடாத சடங்குகளை வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதிக்கொள்ள நாலு வரி இடம் விடுங்கள். மூன்றாம் முடிச்சை யார் போடுவார் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும்.

மாதிரி காட்டும்போது நூறு கல்யாணத்திலிருந்து பொறுக்கிய முப்பது படத்தைக் காட்டாமல், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தை, அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, காட்டவேண்டும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். தாலி கட்டு, அட்சதை, நலுங்கு, இந்த மூன்றுக்கும் எந்த பேக்கேஜ் ஆனாலும் நிறம் மாற்றாத ஒரு பிரதி கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். ரா ஃபைலைக் கொடுக்க மனமில்லையென்றால் ஒரு வருஷமாவது அழிக்காமல் வைத்திருங்கள். ‘டிரெடிஷனல்’ என்ற சொல்லை மலிவு விலையின் பேராக வைப்பதை விடுங்கள். உசிலம்பட்டிப் பெரியவர் மாதிரி ஆட்களை அடுத்த பட்டறைக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள், மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதற்காக அல்ல.

கடைசியாக என் வீட்டுக் காரியம். அந்த ஸ்டுடியோ உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறது. தாலி கட்டு, அட்சதைப் படங்களின் ரா ஃபைலை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். காசு திரும்ப வேண்டாம். அவர்கள் கொடுத்த, நிறம் மாற்றிய ஜேபெக் படத்தில் கயிற்றை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து மஞ்சள் பூசிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு இருபது நிமிடம், அப்படியும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. அட்சதைக்கு முடியவே முடியாது, பறக்கிற அரிசியை ஒவ்வொன்றாக யார் எண்ணிப் பூசுவது? நாற்பது ஷீட்டில் முப்பத்தாறு முடித்துவிட்டேன். நாலு ஷீட் வெறுமையாக நிற்கிறது, லேப்புக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று அக்கா மகள் கயிறு மாற்றினாள். இறக்கி வைத்த பழைய கயிற்றை ஆற்றில் விடுவதற்கு முன்னால், ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதக் குளியலுக்குப் பிறகும் அது மஞ்சளாகத்தான் இருந்தது. ரா வந்தால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சரி பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஆல்பம் டிசைன் பண்ணுகிற ஒரு தாய்மாமன்
மதுரை